ஏரியும் ஞாயிறும்

மே மாதச் சனிக்கிழமை இரவுகளில் பெருமாநல்லூர்ச் சாலையோரம் நின்று பார்த்தால் ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். வாரச் சம்பளம் வாங்கிய கையோடு பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் வேன் பிடித்து, அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்குப் புறப்படுவார்கள். மறுநாள் காலைத் திருப்பலியில் இளைஞர் அமரும் பகுதி பாதி காலியாக இருக்கும். தொடக்கத்தில் இது எனக்கு வருத்தத்தைத் தந்தது; சிலமுறை மறையுரையில் கடிந்தும் பேசியிருக்கிறேன். அந்த மலை நகரின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னர் என் கோபம் வேறு பக்கம் திரும்பிற்று.

நீலமலையைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற் குறிப்புகள் ஒரு குருவானவருடையவை. 1603ஆம் ஆண்டு மலையாளக் கரையிலிருந்து ஏறிச் சென்ற இயேசு சபைக் குரு ஃபெனிசியோ, மலைமேல் பழங்காலக் கிறிஸ்தவர் வாழ்வதாகக் கேள்விப்பட்டு அவர்களைத் தேடிப் போனார். தோடரையும் படகரையும் சந்தித்துத் திரும்பினார். ஓய்வுக்காக அங்கே செல்லலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

அந்த எண்ணம் பிறக்க இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1819இல் மலை ஏறிய ஜான் சல்லிவன் அப்போது கோயம்புத்தூர்க் கலெக்டர்; அதாவது நம் கொங்கு மண்ணை ஆண்டவர். உதகையில் முதல் கல் வீட்டைக் கட்டியவரும், 1823க்கும் 1825க்கும் இடையே பள்ளத்தாக்கின் ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கியவரும் அவரே. தோடரின் நிலவுரிமைக்காகத் தம் மேலதிகாரிகளோடு வாதாடியவர் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஏரி அமைத்ததில் பாசன நீர் தேக்கும் நோக்கமும் இருந்ததாக எழுதியுள்ளனர். ஆனால் நாளடைவில் அது வெயிலுக்கு அஞ்சி மலையேறிய ஆட்சியாளரின் படகுத்துறை ஆயிற்று. சமவெளியில் ஏரி என்றால் வயலுக்கு நீர்; மலையில் அது பொழுதுபோக்கு ஆனது.

பூங்காவின் கதையும் இத்தகையதே. இன்று நாம் தாவரவியல் பூங்கா என்று அழைக்கும் இடம், 1840களில் அங்குக் குடியிருந்த ஐரோப்பியர் மாதச் சந்தா கட்டி, தங்கள் மேசைக்குக் காய்கறி விளைவித்துக்கொண்ட தோட்டமாகவே தொடங்கியது. 1848இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் மெக்ஐவர் வந்துசேர்ந்து, சரிவும் சதுப்புமாய்க் கிடந்த நிலத்தைப் பல்லாண்டு உழைத்துப் பூங்காவாக்கினார். அந்தச் சரிவில் மண் சுமந்தவர்களின் பெயர்களை எந்த ஏடும் சொல்லவில்லை.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் நடந்ததை இங்கே வைத்துப் பார்ப்பது நலம். 1846 ஆகஸ்டு 22 அன்று மான்செஸ்டர், சால்ஃபர்டு ஆகிய பஞ்சாலை நகரங்களில் ஒரே நாளில் மூன்று பூங்காக்கள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஆலைத் தொழிலாளர் காற்று வாங்குவதற்கென்றே அவை அமைக்கப்பட்டன. நூற்புக்கும் நெசவுக்கும் பெயர்போன ஊர்கள் அவை. நம் திருப்பூருக்கு ஒருவகையில் மூத்த உடன்பிறப்புகள். ஆனால் பூங்கா திறந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. வாரம் முழுதும் ஆலையில் நிற்பவன் எப்போது அங்கே போவான்? 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு பெண்களுக்கும் இளையோருக்கும் வேலை முடியவேண்டும் என்று விதித்தது. அதன் பிறகே அந்தப் பூங்காக்களின் கதவு தொழிலாளிக்கு மெய்யாகவே திறந்தது எனலாம்.

நம் நாட்டில் இந்தப் போராட்டத்தை நடத்தியவர் பம்பாயின் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் வழி நடந்தவர். அவரது இடைவிடா முயற்சியால் 1890 ஜூன் 10 அன்று பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். அடுத்த ஆண்டே தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை ஏற்றுக்கொண்டது. அதே 1891 மே மாதத்தில்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துத் தம் சுற்றுமடலை வெளியிட்டு, ஞாயிறு ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று எடுத்துரைத்தார். ஓர் இந்து சீர்திருத்தக்காரரும் உரோமைத் திருத்தந்தையும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஓராண்டு இடைவெளியில் ஒரே பொருளுக்காகப் பேசியிருக்கிறார்கள்.

ஓய்வுநாள் கட்டளை விவிலியத்தில் இருமுறை வருகிறது. விடுதலைப் பயண நூல் அதற்குப் படைப்பைக் காரணமாகக் காட்டுகிறது. இணைச்சட்ட நூலோ எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, உன்னைப்போலவே உன் பணியாளும் ஓய்வெடுக்கவேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறது. குருமடத்தில் இவ்வேறுபாட்டைத் தேர்வுக்காகப் படித்தேன். அதன் பொருள் விளங்கியது இந்தப் பகுதிக்கு வந்தபின்தான். இங்கே உழைப்பை நாளால் அளப்பதில்லை; ஷிப்டால் அளக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் என்பது இங்கு ஒரு சாதாரணச் சொல். ஏற்றுமதிக் கெடு நெருங்கினால் ஞாயிறும் வேலைநாள்தான்.

உதகை ஏரி இன்று பழைய பரப்பில் இல்லை. அதன் ஒரு பகுதி நிலமாகி, குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் ஆயிற்று. பந்தயத் திடலின் 52 ஏக்கர் நிலத்தைக் குத்தகைப் பாக்கி காரணமாக அரசு 2024இல் கையகப்படுத்தி, பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. நீராக இருந்தது செல்வரின் திடலாகி, அத்திடல் பொதுமக்களின் பூங்காவாக இருநூறு ஆண்டு பிடித்திருக்கிறது! அதே ஆண்டு மே 7 முதல், கூட்டம் தாங்காத அந்த மலைக்குச் செல்ல உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் வேண்டியதாயிற்று.

மலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை போகலாம். வாராவாரம் எங்கே போவது? ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே தையல் வேலை செய்யும் நம் இளைஞர் சிலரிடம் ஞாயிறை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று கேட்டேன். துணி துவைப்போம், தூங்குவோம் என்றார்கள். காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம் இருந்தால் சொல்லுங்கள் ஃபாதர் என்றான் ஒருவன்.

அவர்களை நஞ்சராயன் குளத்துக்கு அழைத்துச் சென்றேன். நல்லாற்று நீர் வந்து தேங்கும் பழைய பாசனக் குளம் அது. அதைச் சீரமைத்த மன்னனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு அது முற்றியது. நகரக் கழிவுநீரின் தொல்லை இருந்தும் இந்தக் குளம் பறவைகளை இழந்துவிடவில்லை. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள இதனை 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் அது இடம்பெற்றது. இங்கே படகு விடவேண்டும் என்று யாராவது கேட்டால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். உதகை ஏரி பட்டது போதும். கரையில் நிழல் தரும் மரமும் நடக்க மண் பாதையும் உட்காரத் திண்ணையும் இருந்தால் போதும்.

அன்று நாங்கள் ஏழு பேர் கரையில் அமர்ந்திருந்தோம். நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. புள்ளிமூக்கு வாத்துகளை ஒருவன் தன் மொழியில் எண்ணிக்கொண்டிருந்தான். பதினொரு மணிக்குள் இருவரது கைப்பேசிகள் ஒலித்தன. பிற்பகலில் வேலை இருக்கிறதாம். அவர்கள் எழுந்து செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டு, சாலை நோக்கி நடந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தவன் எத்தனை என்று முடிக்கவில்லை. அவனும் அந்த இருவரில் ஒருவன்.