கஞ்சமலைச் சித்தரும் சரித்திர ஆராய்ச்சியும்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளைக்கு அணித்தே இரும்புக்கனியம் மிக்க கஞ்சமலை உளது. அதன் அடிவாரத்துச் சித்தேசுவரர் திருக்கோயிலில் வழிபடப்பெறுபவர் காலாங்கிநாதர் என்பதும், அவர் மூலிகையுணவால் முதுமை நீங்கி இளமை எய்தினார் என்பதும் அந்நாட்டார் வழங்குஞ் செய்திகளாம்.

அவர் எக்காலத்தவர் என்று ஆராயப்புகின், முதற்கண்ணே ஓர் இடர்ப்பாடு தோன்றும். திருமந்திரம் திருமூலர் வழிவந்த எழுவரை எண்ணுமிடத்துக் காலாங்கியையும் கஞ்சமலையனையும் வேறுவேறாக வைத்து எண்ணுகின்றது. ஏழென்னுந் தொகை நிரம்புதற்கு அவ்விருவரும் இருவராதல் வேண்டும். செவிவழக்கோ இருவரையும் ஒருவராக்கிற்று. அன்றியும், அவ்வெழுவருள் இந்திரன், பிரமன், உருத்திரன் என்னும் பெயர்களும் காணப்படுதலின், பெயரொன்றே கொண்டு யாதும் துணிதல் கூடாது.

சிறுத்தொண்டநாயனார் திறம் இதனின் வேறு. அவர் வாதாபி வென்ற வரலாற்றை 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் உரைத்தருளினார். அவர் காலத்தவராகிய திருஞானசம்பந்தரோ திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் அவரைப் பெயர்சுட்டிப் பாடியருளினார். முதல் நரசிம்மவர்மப் பல்லவன் 642ஆம் ஆண்டையொட்டி வாதாபியைக் கைக்கொண்டமை சாசனங்களானும் பெறப்படும். இங்ஙனம் புராணமும் பதிகமும் சாசனமும் தம்முள் இயைதலின், அவர் காலம் ஏழாம் நூற்றாண்டென்பது ஒருதலை.

காலாங்கிநாதர்க்கு இத்தகைய சான்று வாய்த்திலது. அதுகொண்டு அவர் இருந்திலர் என்றல் பொருந்தாது. துறந்தோர் தம் பெயரைக் கல்லிற் பொறித்து வைப்பாரல்லர். வழிபாட்டிற்கு ஆண்டுக்கணக்கு வேண்டுவதன்று. ஆயினும், அன்பு மிகுதியாற் பொய்யாண்டு வகுத்து உரைப்பின், பிறர் அதனைப் பொய்யெனக் காட்டும்பொழுது மெய்ச்சான்றுடைய அடியார் வரலாறும் உடன் ஐயுறப்படும். ஆகலின் வழக்கை வழக்கென்றும் சரித்திரத்தைச் சரித்திரமென்றும் பகுத்துரைத்தலே சைவர்க்குக் கடனாம்.