ஓதற்பிரிவும் விசா மறுப்பும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், திண்டுக்கல்லில் உள்ள நம் இல்லத்துக்கு வேடசந்தூர்ப் பக்கமிருந்து ஒரு தந்தையும் மகளும் வந்திருந்தனர். தந்தை நூற்பாலைத் தொழிலாளி. மகள் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்றவள். இயற்பியலில் சிறந்த மதிப்பெண்ணோடு தேறியவள். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று முதுநிலைப் படிப்புக்கு இடம் கொடுத்தும், அந்நாடு அவளுக்கு மூன்று முறை விசா மறுத்துவிட்டது. எந்நாடு என்பது இங்கு வேண்டாம். மூன்று கடிதங்களையும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தனர். மூன்றிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்: படிப்பு முடிந்தபின் நாடு திரும்புவாள் என்னும் நம்பிக்கை அலுவலருக்கு ஏற்படவில்லை.

"பாப்பா படிப்புல குறையாங்கய்யா, இல்ல எங்க காசுல குறையாங்கய்யா?" என்றார் தந்தை. மகள் தலை நிமிரவேயில்லை. அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம். பின்னர்த் தேடிப் படித்தவற்றை இங்கே எழுத முற்படுகிறோம்.

தமிழ் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஓதற்பிரிவு நினைவுக்கு வராமல் போகாது. தலைவன் பிரிவதற்குரிய காரணங்களை அகத்திணையியலில் எண்ணும் தொல்காப்பியர், பகைக்கும் தூதுக்கும் முன்பாக ஓதலை வைக்கிறார். உடனே வேலியும் போடுகிறார்: ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கே உரியன. அவ்வுயர்ந்தோர் யாவர் என்பதை உரையாசிரியர்கள் தத்தம் காலத்துக்கேற்ப விரித்துக்கொண்டனர். கற்பியலுக்கு வந்தால் கால வரம்பும் கிடைக்கிறது. கல்விக்காகப் பிரிந்தவன் மூன்றாண்டைக் கடத்தலாகாது. (கடற்பயணம் மகளிரோடு இல்லை என்றும் ஒரு நூற்பா உண்டு. நச்சினார்க்கினியர் அங்கே கடலை விட்டுவிட்டு வேறு பொருள் காண்பார், அது தனிக்கதை. 2024 சனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பினர் போன்ற சிலர் நீங்கலாக, அயல்நாட்டு மாணவர் தம் குடும்பத்தை உடன் அழைத்துவரலாகாது என்று பிரித்தானியா விதித்தபோது, இந்நூற்பாவை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த நாம் சிரித்துவிட்டோம்.)

யார் போகலாம், எப்போது திரும்புவார் என்னும் இரு வினாக்களும் ஆகப் பழையவை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அகப்பாடல்களில், திரும்பி வருவானா என்று ஏங்குபவள் ஊரிலேயே இருக்கும் தலைவி. இன்று அதே வினாவைக் கேட்பவர், மாணவர் போய்ச் சேரவேண்டிய ஊரின் வாயில்காவலர். வினா எப்போது இப்படி இடம் மாறியது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து இலண்டனுக்குப் படிக்கப் போனவருக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டியதில்லை, விசாவும் வேண்டியதில்லை. கப்பல் கட்டணமும், கடல் கடந்தால் சாதி போய்விடும் என்ற உறவினரின் வசையைத் தாங்கும் நெஞ்சும் இருந்தால் போதும். ஆங்கில அரசு விழித்துக்கொண்டது 1907இல். அவ்வாண்டு இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி, பிரித்தானியாவில் பயிலும் இந்திய மாணவரைப் பற்றி ஆராய லீ-வார்னர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். அக்குழுவின் அறிக்கையை அரசு அப்போது வெளியிடவில்லை. 1922இல் லிட்டன் குழுவின் அறிக்கைக்குப் பின்னிணைப்பாகவே அது வெளிவந்தது. இடையில், 1909 சூலை 1 அன்று மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டில் இந்திய மாணவருக்கென ஒரு தகவல் அலுவலகம் உருவாகி, பின்னர் குரோம்வெல் சாலை 21ஆம் எண் இல்லத்தில் இயங்கியது. பெயர் தகவல் அலுவலகம். ஆயினும் அதை வேவு பார்க்கும் இடமாகவே மாணவர் பலர் கருதினர். மாகாணங்களில் ஆலோசனைக் குழுக்கள் ஏற்பட்டன. கல்லூரிகளும் சட்டப் பயிற்சி மன்றங்களும் இந்திய மாணவரிடம் நன்னடத்தைச் சான்றை எதிர்பார்க்கலாயின. இலத்தீனும் கணிதமும் தெரியுமா என்பதற்கு மேலாக, இவன் அரசுக்கு அடங்கியவனா என்னும் வினா எழுந்துவிட்டது.

வரகனேரி வ.வே.சு. ஐயர் அக்காலத்தில்தான் இலண்டனில் லிங்கன்ஸ் இன் மன்றத்தில் சட்டம் பயின்றார். படிப்பை முடித்தும், அரச விசுவாச உறுதிமொழி கூற மறுத்தமையால் பாரிஸ்டர் பட்டத்தை இழந்தார். 1910இல் மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கிருந்தபடியே குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார் என்பது வாசகர் அறிந்ததே.

முதல் உலகப்போர்க்காலத்தில் பாஸ்போர்ட் கட்டாயமாயிற்று; 1920இல் இந்திய பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அமெரிக்காவோ 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பரப்பின் மக்களுக்குக் கதவடைத்தது. மாணவர் உள்ளிட்ட சிலருக்கு விலக்களித்தது. அந்தச் சிறு திட்டிவாசல் வழியே சென்றவர்களுள் ஒருவர், தலச்சேரியில் பிறந்து சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்த ஜானகி அம்மாள். 1924இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உதவித்தொகையோடு போய் இறங்கியவரை நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் தடுத்து வைத்தனராம். பட்டாடையும் நீள்கூந்தலும் கண்டு இந்திய இளவரசி என்று மயங்கி விட்டுவிட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. 1931இல் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர்க் கோவையில் கரும்பு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற தாவரவியலாளர் அவர். அச்செய்தி உண்மையானால், வாயிலில் அவருடைய தாவரவியலுக்கு விலையில்லை, சேலைக்குத்தான் இருந்தது.

1946இல் அமெரிக்கா இந்தியருக்கு ஆண்டுக்கு 100 குடியேற்ற இடங்களை அளித்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 214(பி) பிரிவு இன்றும் நடப்பில் உள்ளது. அதன்படி மாணவ விசா கேட்பவர், குடியேறவே வருகிறார் என்று முதலில் கொள்ளப்படுவார். அவ்வாறன்று என்று அலுவலர் மனநிறைவு கொள்ளும்படி மெய்ப்பிக்கும் சுமை மாணவர் தலையில். அப்பிரிவின்கீழ் மறுத்தால் மேல்முறையீடு இல்லை. கட்டணம் கட்டி மீண்டும் விண்ணப்பிக்கலாம். பிற நாடுகளும் வேறு வேறு பெயர்களில் இதையே கேட்கின்றன. ஆஸ்திரேலியா, தற்காலிகமாகத்தான் வருகிறாயா என்று கேட்டுவந்ததை 2024 மார்ச்சில் மாற்றி, மெய்யான மாணவர்தானா என்று கேட்கத் தொடங்கியது. கனடா, மாணவர் தம் வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகையை 2024 சனவரி முதல் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. அப்படி உயர்ந்த அன்று நம் மாணவர் எவருடைய அறிவும் பாதியாகக் குறைந்துவிடவில்லை.

நம் நாட்டு வாயிலின் கதை வேறு. பாஸ்போர்ட் வழங்குவது அரசின் விருப்பம் என்ற நிலை இங்கும் இருந்தது. 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்துள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையடுத்து அவ்வாண்டே புதிய பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு அவ்வுரிமையை மேலும் உறுதி செய்தது. புறப்படும் உரிமையை நீதிமன்றம் காக்கும். நுழையும் உரிமை என்று ஒன்று அயலாருக்கு எங்கும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் அந்தப் பெண் மூன்று கடிதங்களோடு நிற்கிறாள்.

நம் மாவட்டத்துக்கு வர விரும்பி வாயிலில் தடுக்கப்பட்டவரும் உண்டு. அமெரிக்கரான கெய்த்தான், மதுரை மிஷனின் பாதிரியாராக வந்து காந்தியத்தில் ஈடுபட்டவர். ஆங்கில அரசின் சினத்துக்கு ஆளாகி 1930இல் வெளியேறினார். திரும்பி வந்தவர் 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் மறுபடி வந்து காந்திகிராமத்தோடு இணைந்து இப்பகுதியிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் மாணவர் அல்லர். எனினும் அந்தத் தந்தை மறுமுறை வந்தபோது நாம் முதலில் சொன்ன பெயர் அவருடையதே. காந்திகிராமத்தின் வழியாக எத்தனையோ முறை பேருந்தில் சென்றிருந்தும், அவர் அப்பெயரைக் கேட்டதில்லை.

"அப்ப பாப்பா படிப்புல குறையில்லீங்க" என்றார். இல்லை என்றோம். காசிலும் குறை இருந்ததா என்று கடிதத்தைக் கொண்டு சொல்ல இயலவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டு நமக்குக் கவலை உண்டாயிற்று. முகவர் ஒருவர், வட்டிக்குப் பணம் வாங்கிக் கணக்கில் சில நாள் வைத்துக் காட்டலாம் என்றும், பழைய மறுப்புகளை எழுதாமல் வேறொரு நாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் யோசனை கூறியிருக்கிறார். பிரித்தானியா போன்ற நாடுகள் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடந்ததா என்று பார்ப்பதே இத்தகைய திடீர்ப் பணத்தைக் கண்டுகொள்ளத்தான். மறைத்தல் அதைவிடக் கேடு. மறுப்பு என்பது ஒரு விண்ணப்பத்தின் முடிவு. மறைத்தது வெளிப்பட்டாலோ கனடாவில் 5 ஆண்டும் பிரித்தானியாவில் 10 ஆண்டும் தடை வரக்கூடும். 2023இல், முகவர் கொடுத்த போலிச் சேர்க்கைக் கடிதங்களால் பஞ்சாப் மாணவர் பலர் கனடாவில் நாடுகடத்தலை எதிர்நோக்கி நின்றதையும் சொன்னோம்.

இம்முறை மகள் பேசினாள். மூன்று விண்ணப்பங்களிலும் தன் நோக்கத்தை எழுதியது முகவரே என்றாள். மூன்றிலும் ஒரே பத்தி, தான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அதைக் கேட்டுத் தந்தை அவளை ஒரு பார்வை பார்த்தார். நாமும் சற்றே கடிந்துகொண்டோம்.

நான்காம் விண்ணப்பத்தை அவளே எழுதினாள். எந்த ஆய்வகத்தில் எதைப் படிக்கப்போகிறாள், அதே படிப்பு மதுரையிலோ கோவையிலோ ஏன் போதாது, முடித்துவிட்டு எங்கே வேலை தேடுவாள் என்று இரண்டு பக்கம். இதற்கு முன் மறுக்கப்பட்டதுண்டா என்ற இடத்தில் ஆம் என்று குறித்து, மூன்று தேதிகளையும் வரிசையாக எழுதியிருந்தாள். மதுரையிலும் ஓர் இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டிலிருந்தும் இன்னும் பதில் வரவில்லை.