நடந்தவர்களின் பெயர்: சிதறாலிலிருந்து முட்டத்துக்கு

கடந்த பங்குனியில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வேன் பிடித்துப் புறப்பட்டோம். காலையில் சிதறால் மலை, சாயங்காலம் முட்டம் கடற்கரை. இரண்டும் பாறை. இரண்டிலும் ஏறி நடக்கப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒன்றின் உச்சியில் சமணப் பள்ளியாக இருந்து பகவதி கோயிலாகிவிட்ட குகை. மற்றதன் உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம். இடையில் சாலைவழி 40 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்று அன்று தோன்றவில்லை. வீடு திரும்பி, வேறு ஏதோ தேவைக்காக 1859ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்ப் பிரகடனத்தைப் பற்றித் திரும்பப் படித்தபோதுதான் இரண்டு பாறைகளும் ஒரே பிரதியின் இரண்டு பக்கங்களாகத் தெரிந்தன. அந்தப் பிரதியின் பொருள் நடை. யார் நடக்கலாம், எந்த வழியில், எந்தக் கோலத்தில் என்பது.

1

சிதறால் மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். மலையடியிலிருந்து உச்சிவரை தொல்லியல் துறை கல் பாவியிருக்கிறது. இருபுறமும் நிழல் மரம், இளைப்பாறத் திண்டு. அடிவாரத்தில் நொங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மச்சியிடம், மேலே என்ன சாமி என்று தெரியாதவன் போலக் கேட்டேன்.

"அம்மெ இருக்கா மக்களே. வேற சாமியளும் உண்டு, உடுப்பில்லாத்த சாமி. நமக்கு அம்மெயாக்கும்."

உடுப்பில்லாத சாமிகள் தீர்த்தங்கரர்கள். சரிந்து நிற்கும் பெரும்பாறையின் முகத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பாறையின் நிழலுக்கு அடியில் குகை, முன்னால் மண்டபம். பாறைக்கு மேலே சிதைந்த செங்கல் விமானம். கீழே ஒரு சுனை. பழைய பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்பவர் சமண முனிவரில் ஒரு வகையினர். வானத்திலேயே நடக்கும் சித்தி பெற்றவர்கள் என்பது நம்பிக்கை. சொல்லின் வேர் 'இயங்குதல், செல்லுதல்' என்பதில் இருக்கிறது. ஆகவே இதை நடப்பவர்களின் மலை என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு நடைபாதை போட்டிருக்கும் மலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனால் எங்கள் வேனில் வந்த யாருக்கும், எம்.ஏ. தமிழ் படித்த என்னையும் சேர்த்துத்தான், அன்று அந்தப் பொருள் உறைக்கவில்லை.

இங்குள்ள ஒரு கல்வெட்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. குணந்தாங்கி குரத்திகள் என்னும் பெண் துறவி, இம்மலையின் பட்டாரியாருக்குப் பொன்னணி கொடுத்ததைச் சொல்கிறது. பட்டாரியார் என்றால் தெய்வப் பெண். குணந்தாங்கியை அந்தக் கல் எப்படி அறிமுகம் செய்கிறது என்பதுதான் கவனத்திற்குரியது. இன்னாரின் மகள் என்றில்லை, இன்னாரின் மனைவி என்றில்லை. அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி என்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் அடையாளம் தந்தை வழியாகவோ கணவன் வழியாகவோ வராமல் கல்வி வழியாக வருகிறது. இன்றைய ரேஷன் கார்டு எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

'குரத்தி' என்பது குரவர் என்பதன் பெண்பால், ஆசிரியை. கவிதை எழுதும் நண்பர் ஒருவர் இதைக் காதில் வாங்கிவிட்டு, "குறத்தியா? மலைக்குறத்திதானே?" என்றார். சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கிய பிறகுதான் சங்கடமாக இருந்தது. மலை, பெண் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தவுடன் நமது இலக்கியப் பயிற்சி தினைப்புனத்தையும் வள்ளியையும்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு ரகரத்துக்குப் பதில் றகரம் போட்டால் ஆசிரியை காதலி ஆகிவிடுகிறாள்! இது எழுத்துப்பிழை மட்டுமல்ல.

திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர் கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் வருகிறது. சிதறாலுக்கும் கழுகுமலைக்கும் நேர்கோட்டில் அளந்தாலே நூறு கிலோமீட்டர். அவர்கள் நடந்துதான் போயிருக்க வேண்டும். சமணத் துறவிக்கு வாகனம் விலக்கு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியையும் கோவலனையும் மதுரைவரை நடத்திக்கொண்டு போகிற கவுந்தியடிகள் நினைவுக்கு வருகிறார். சாரணர்களை அவர்கள் சந்திப்பதும் அந்த வழியில்தான். வகுப்பறையில் நமக்குக் கவுந்தி ஒரு துணைப்பாத்திரம். பெண் துறவி தனியாக வழி நடப்பது அன்றைய சமூகத்தில் நடப்பாக இருந்த ஒன்று என்பதற்கு இந்த மலைகள் கல்லில் சான்று வைத்திருக்கின்றன என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதை வைத்துக்கொண்டு சமணப் பொற்காலம் ஒன்றைப் புனைய நான் தயாரில்லை. குரத்தி கொடுத்தது பொன். அது எந்த நிலத்தின், யாருடைய உழைப்பின் பொன் என்று கல்வெட்டு பேசாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கிறது. இதே ஆய் நாட்டில், முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரத்தில் கருநந்தடக்கன் 866இல் ஒரு சாலை நிறுவினான். வேத சாகை வாரியாகப் பிரித்து 95 சட்டர்களுக்கு இடம். அத்தனையும் பிராமண ஆண்கள். அதே காலகட்டத்தில், ஒருநாள் நடைத் தொலைவில் உள்ள இந்தப் பாறையில் ஒரு பெண்ணுக்கு ஆசிரியை என்ற பட்டம் இருந்தது. அறிவு யாரிடம் இருக்கலாம் என்பதற்கு அந்த நாட்டில் ஒரே ஒரு விடை மட்டும் இருக்கவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் இது பகவதி கோயிலாகிவிட்டது என்பது ஆய்வாளர் முடிவு. 'சமணத்தை அழித்தார்கள்' என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ள முடியாது. அம்மச்சியின் 'அம்மெ' பொய் அல்ல. குணந்தாங்கி பொன்னணி கொடுத்ததும் ஒரு பெண் தெய்வத்துக்குத்தான். பெயர் மாறினாலும் விளக்கு அணையவில்லை. ஆக, தெய்வம் தப்பிவிட்டது. ஆசிரியைதான் காணாமல் போனாள். பெண்ணைக் கும்பிடுவதில் யாருக்கும் தடையில்லை. அவளிடம் பாடம் கேட்பதுதான் மறந்துபோகிறது.

2

மத்தியானம் வேன் தக்கலை, திங்கள்நகர் வழியாகக் கடலைப் பார்த்து இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஓடிய இந்த விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள்தான் தோள்சீலைப் போராட்டத்தின் களம். 1822 தொடங்கி 1859 வரை, மேலாடை போட்ட நாடார் பெண்கள் சந்தையிலும் சாலையிலும் வைத்துத் தாக்கப்பட்டார்கள். சந்தையும் சாலையும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் என்ன உடுத்தினாய் என்று சாதி வந்து பார்க்கவில்லை. பொதுவழியில் நடக்கிற உடம்பு தன் சாதியைத் தானே காட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்றது. திருவிதாங்கூரில் வழி என்பது எப்போதுமே வெறும் வழியாக இருந்ததில்லை. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். வைக்கத்தில் 1924இல் நடந்ததும், நமது சுசீந்திரத்தில் 1926இல் நடந்ததும் கோயிலுக்குள் போகும் போராட்டங்கள்கூட அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கான போராட்டங்கள். கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குரத்திகள் கழுகுமலைவரை நடந்த நாட்டில், பிந்தைய நூற்றாண்டுகளில் ஒரு பெண் சந்தைவரை நடப்பதற்குக் கலகம் செய்ய வேண்டியிருந்தது. வரலாறு முன்னோக்கித்தான் போகும் என்று நம்புகிற நண்பர்கள் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

3

முட்டத்தில் நிலம் சட்டென்று கடலில் முடிகிறது. செம்மண் மேடு, அதற்குக் கீழே கரும்பாறை, அதன்மேல் அடித்து வெடிக்கும் அலை. மேட்டில் கலங்கரை விளக்கம். சாயங்காலத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே ஏறலாம். கீழே உட்காரத் திண்டு, நடக்கப் பாதை, ஐஸ்கிரீம் வண்டி.

இந்தப் பாறைகளைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியவைத்தவை பாரதிராஜாவின் இரண்டு படங்கள்: 1981இன் 'அலைகள் ஓய்வதில்லை', 1986இன் 'கடலோரக் கவிதைகள்'. இரண்டுக்குப் பிறகும் முட்டம் என்றால் காதல் என்றாகிவிட்டது. அலை மனதின் குறியீடு ஆனது. அதே அலையில் வேலை செய்கிறவர்கள் காட்சியின் பின்னணி ஆனார்கள். எங்கள் கூட்டத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சொன்னவர்கள் இடதுசாரிகள். நானும் வாய் திறக்கவில்லை.

பிறகு அவரிடமே போய்ப் பேசினேன். "பாட்டா, இந்த லைட் ஒங்களுக்கு ஒதவுமா?"

"கண்டா நல்லதுதான் மக்கா. ஆனா அது கப்பலுக்குப் போட்டதாக்கும். எங்களுக்கு அந்தக் காலத்துல மலைதான். வேளிமலையும் கோயில் கோபுரமும் எப்பிடி சேந்து நிக்கிதுன்னு பாத்தாத் தெரியும், எந்தப் பாருக்கு மேல நிக்கிதோம்னு. இப்பம் பயலுவ ஜிபிஎஸ் வச்சிருக்கான்."

பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. மீன் நிற்கிற இடம். நாங்கள் மலையில் நின்று கடல் தெரியுமா என்று எட்டிப் பார்த்தோம். அவர்கள் கடலில் நின்று மலையைப் பார்த்து வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் பார்வைக்கு அது கணக்கு. நமக்கு அது 'வியூ'.

கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் யாரை விளிக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். அது கம்பெனிச் சரக்கும் பேரரசின் கப்பலும் பாறையில் மோதாமல் போவதற்காக எழுந்த வெளிச்சம். கரையிலிருக்கும் குடிசையைத் தாண்டித் தூரத்தில் விழும்படிதான் அதன் கண்ணாடி அமைந்திருக்கிறது. அதற்காக இன்று அதைப் பழிக்க வேண்டியதில்லை. எத்தனையோ உயிர்களை அது காத்திருக்கும். ஆனால் 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலுக்குப் போய்விட்ட தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்களை எட்டும்படி ஒரு எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. பாறை இருக்கும் இடத்தைக் கப்பலுக்குச் சொல்லத் தெரிந்த அரசு, புயல் வரும் நேரத்தை வள்ளத்துக்குச் சொல்லத் தெரியாமல் நின்றது. தூரம் மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

4

இனி அந்தப் பிரகடனம். 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்டது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். இதோடு அது ஓர் உதாரணமும் காட்டுகிறது: முக்குவத்திகள் கட்டுவதுபோல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்த உதாரணத்தின்மேல் நாம் போதிய அளவு நிற்கவில்லை என்பது என் எண்ணம். போராடி ஒரு படி ஏறிய பெண்ணுக்கு அரசு காட்டுகிற எல்லைக்கோடு, கடற்கரையில் மீன் சுமக்கிற இன்னொரு பெண்ணின் உடை. 'அதுவரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.' முக்குவத்தியை யாரும் கேட்கவில்லை. அவள் அந்தப் பிரதியில் ஓர் அளவுகோலாக மட்டும் வருகிறாள். மலைநாட்டுப் பெண்ணையும் கடற்கரைப் பெண்ணையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தி, ஒருத்தியை வைத்து மற்றவளை அளந்து, இருவரையும் மேல்சாதிப் பெண்ணுக்குக் கீழே வைத்துவிட்டது அதிகாரம். நிர்வாகத்துக்கு அன்று தேவைப்பட்டது அவ்வளவுதான்.

ஆனால் அந்த முக்குவத்தி அளவுகோலாக நின்றுவிடவில்லை. நடந்தாள். கடவத்தில் மீனைத் தலையில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுச் சந்தைகளுக்கும் வீட்டுவாசல்களுக்கும் போனாள். கடலையும் மலையையும் தினமும் இணைத்த வழி அவள் காலால் ஆனது. அரசு போட்ட சாலைகளில் பலதும் அவளைப் போன்றவர்கள் முன்பே மிதித்துவைத்த தடங்கள்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது. அவள் போன வழியில் திண்டு கிடையாது, பலகை கிடையாது.

இது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பப் பேருந்தில் ஏறிய மூதாட்டி ஒருவரை, நாற்றம் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்டது நாடு முழுக்கப் பார்த்த காட்சி. ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்; முதல்வரே கண்டித்தார். சரிதான். ஆனால் 1859இல் துணியை வைத்து உடம்பை அளந்தவர்கள் 2021இல் வாடையை வைத்து அளந்தார்கள் என்பதைப் பணிநீக்க உத்தரவு தொடாது. பொதுவழியில் எந்த உடம்பு வரலாம் என்ற பழைய கேள்விதான் டிக்கெட் பையோடு வந்து நின்றது.

நடைபாதை போடுவது கெட்ட காரியம் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்கள் சிதறால் உச்சிவரை ஏற முடிகிறது, நல்லதுதான். ஆனால் பாதை போடுகிறவர்கள், 'இங்கே நின்று அங்கே பார்' என்று நம் காலையும் கண்ணையும் பழக்கிவிடுகிறார்கள். வந்து பார்க்கிறவனே இடத்தின் உரிமைக்காரன் ஆகிவிடுகிறான். நடந்து நடந்து அந்த இடத்தை ஆக்கியவர்கள் பின்னணி ஆகிவிடுகிறார்கள். மாற்றிப் பார்ப்பது நம்மால் முடியாத வேலை அல்ல. குணந்தாங்கி என்ற பெயர் சிதறால் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கலாம். கடவத்தோடு நடந்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எந்தச் சந்தைக்கு எந்த வழியாகப் போனார்கள், எந்த வீட்டில் தண்ணீர் தந்தார்கள், எந்த வீட்டில் முற்றத்துக்கு அப்பால் நிற்கச் சொன்னார்கள் என்று கேட்டு எழுத ஆள் வேண்டும். கல்வெட்டு படிப்பதற்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியைக் கொடுத்தால்கூடப் போதும்.

சிதறால் அடிவாரத்து அம்மச்சியிடம் சாமியைப் பற்றித்தான் கேட்டேன். அவர் வீட்டு வாசலுக்கு மீன் கொண்டுவந்த பெண் எந்தக் கரைக்காரி, அவள் பெயர் என்ன என்று கேட்கவில்லை. அடுத்த முறை போகும்போது நொங்கு வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.