புடாபெஸ்ட் பண்டிதரும் கொக்குவில் முதலாளியும்

பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோருக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வேலையும் இருக்கவில்லை. நேர்வரிகளை எப்படித் திருத்தலாம் என்று சொல்லச் சொல்லி 1958இல் அவரைக் கொழும்புக்கு அழைத்தது பண்டாரநாயக்க அரசு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்காரர் வந்தார், கணக்குகளைப் பார்த்தார், எழுதிக் கொடுத்தார். ஆனால் அவருடைய வரித் திட்டத்தை வாசிக்கிறவருக்கு, இந்த மனிசன் கே.கே.எஸ். வீதியோரம் ஒரு சுருட்டுக் கொட்டில் வாசலில் குந்தியிருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று சந்தேகம் வரும்.

சுருட்டுக் கொட்டிலைக் காணாத தலைமுறைக்காக ஒரு வார்த்தை. ஆளுக்கொரு பலகை. கோடா போட்ட புகையிலையின் காட்டம் வாசலிலேயே மூக்கில் ஏறும். காம்பு கழித்த இலையை உள்ளே வைத்து, நல்ல மேலிலையால் சுற்றி, நுனியை ஒட்டி, அளவாக வெட்டிக் கட்டுக் கட்டாக அடுக்குவார்கள். கூலி எண்ணிக்கைக்கு. கைக்கு வேலை இருக்கிறது, காதுக்கு? அதற்காக நடுவில் ஒருவர் வீரகேசரியையோ தினகரனையோ தலையங்கம் விடாமல் உரத்து வாசிப்பார். உலகப் போரும் உள்ளூர்த் தேர்தலும் அந்தச் சனத்துக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. கட்டிய சுருட்டுப் பெட்டிகள் ரயிலேறித் தென்னிலங்கைக்குப் போகும். அங்கே முதலாளிக்கோ மைத்துனருக்கோ ஒரு சுருட்டுக் கடை இருக்கும். காசு ஊருக்குத் திரும்பும்.

எவ்வளவு காசு? இறைவரித் திணைக்களத்தின் தலையிடி அங்கேதான். அரசாங்கக் கிளாக்கரின் சம்பளம் திறைசேரியின் ஏட்டிலேயே இருக்கிறது. அவரிடம் வருமான வரி பிடிப்பது சுலபம். முதலாளியின் வருமானமோ அவருடைய கொப்பியில். அதிலும் எந்தக் கொப்பியில் என்பது அவருக்கு மட்டும் தெரியும். புகையிலை வாங்கியது ரொக்கம், கூலி ரொக்கம், விற்றதும் ரொக்கம்.

கால்டோர் சொன்னது இதுதான்: வருமானத்தைத் துரத்துவதை மட்டும் நம்பாதே, செலவைப் பிடி. ஒருவன் ஊரின் பொதுக் களஞ்சியத்துக்குள் போடுவதற்கு ஏன் வரி? அதிலிருந்து அள்ளி அனுபவிப்பதற்கல்லவா வரி? இதை அவர் தன்னுடைய கண்டுபிடிப்பென்று சொல்லிக்கொள்ளவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸ் சொன்ன நியாயம். 1955இல் கால்டோர் அதைச் ‘செலவு வரி’ என்ற பெயரில் ஒரு முழுப் புத்தகமாக்கினார்.

அந்தப் புத்தகம் பிறந்த கதை சுவையானது. பிரித்தானியாவில் 1951இல் வரிகளை ஆராய ஒரு அரச ஆணைக்குழு அமைந்தது. பின்னாளில் அதற்குத் தலைமை வகித்தவர் ரட்க்ளிஃப் பிரபு. ஆம், 1947இல் இந்தியாவையும் பாகிஸ்தானையும் கோடு போட்டுப் பிரித்த அதே ரட்க்ளிஃப்தான். கால்டோர் அதில் ஓர் உறுப்பினர். செலவு வரி எங்கள் வேலையில் அடங்காது என்று ஆணைக்குழு ஒதுக்கிவிட்டது. மனிசன் விட்டாரா? தொழிற்சங்கக்காரர் இருவரைச் சேர்த்துக்கொண்டு தனியாக மறுப்பு அறிக்கை எழுதினார். அறிக்கையில் அடங்காததைப் புத்தகமாக எழுதினார்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1908இல் புடாபெஸ்ட்டில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் பிறந்தவர். பெர்லினில் படித்து, 1927இல் லண்டன் பொருளியற் கல்லூரிக்கு வந்து, அங்கேயே விரிவுரையாளரானவர். தொடக்கத்தில் சந்தைப் பொருளியலின் பெரிய ஆச்சாரியாரான ஹயெக்கின் சீடர். ஹயெக்கின் நூலொன்றை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த இருவரில் ஒருவர். பிறகு அரசின் தலையீட்டை ஆதரித்த கெயின்ஸ் பக்கம் தாவினார், தாவியவர் திரும்பிப் பார்க்கவில்லை. போர் முடிந்த கையோடு குண்டுவீச்சின் பலாபலனைக் கணக்கிட அமெரிக்கர் அமைத்த குழுவில் பொருளியலாளர் கல்பிரெய்த்துடன் வேலை. 1947இல் ஜெனீவாவில் குன்னார் மிர்டாலின் கீழ் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவில் ஆராய்ச்சித் தலைமை. பருத்த உடம்பு, ஓயாத வாய். கருத்தரங்குகளில் கண்ணயர்ந்துவிடுவாராம், பேசுகிறவர் தப்பினோம் என்று மூச்சு விடும் நேரம் கண் திறந்து, வாதத்தின் அத்திவாரத்தையே அசைக்கும் ஒரு கேள்வியைப் போடுவாராம். 1964இல் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசுக்கு இரண்டு ஹங்கேரியர்கள் ஆலோசகர்களாயினர், இவரும் தோமஸ் பலோவும். லண்டன்காரர் அந்த இரட்டையருக்கு வைத்த பெயர் ‘புடா’வும் ‘பெஸ்ட்’டும்.

இனி இந்தியப் பக்கம். 1956இல் இந்தியா கால்டோரை அழைத்தது. அந்த ஆண்டே அறிக்கை தயார். ஐந்து வரிகள்: வருமானம், மூலதன ஆதாயம், செல்வம், செலவு, நன்கொடை. ஐந்துக்கும் ஒரே படிவம். சூட்சுமம் அந்தப் படிவத்தில் இருக்கிறது. வருமானத்தை ஒளித்தால் சொத்துக் கூடியது காட்டிக்கொடுக்கும். சொத்தை மகன் பெயருக்கு மாற்றினால் நன்கொடையில் பிடிபடும். சொத்தும் கூடவில்லை, கொடுக்கவும் இல்லை என்றால் செலவழித்திருக்க வேண்டும். அங்கே செலவு வரி காத்திருக்கும். ஒருவர் தப்புவதற்காகச் சொல்லும் பொய் அவரையே இன்னொரு வரியில் மாட்டிவிடும்.

அதோடு ஒரு பத்தியமும் விதித்தார்: வருமான வரியின் உச்ச வீதம் ரூபாய்க்கு 45 சதத்தைத் தாண்டக் கூடாது. அன்று இந்தியாவில் அது 90 சதத்துக்கு மேல். நூறு ரூபா உழைத்தால் தொண்ணூறைத் தா என்று கேட்கும் சட்டம் பொய்யனைத்தான் வளர்க்கும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் கட்சி.

நிதியமைச்சர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி. திருவள்ளூர்ப் பக்கத்து ஐயங்கார், வியாபாரம் தெரிந்தவர், புத்தி கூர்மையானவர், அந்தக் கூர்மையை ஒளிக்கத் தெரியாதவர். 1957 வரவு செலவுத் திட்டத்தில் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். உச்ச வீதத்தைக் கொஞ்சம் இறக்கினார்தான், ஆனால் 45இன் கிட்டவும் போகவில்லை. மருந்தைக் குடித்துவிட்டுப் பத்தியத்தைக் கைவிட்டார்கள். போதாததற்குச் செலவு வரிக்குள் விலக்குகளை அள்ளித் திணித்தார்கள். கடைசியில் அந்த வரி கொண்டுவந்த பணம், அதை வசூலிக்கப் பட்ட பாட்டுக்குக் காணாது. நன்கொடை வரி வருவதற்குள் வியாபாரி முந்திராவின் பங்கு ஊழல் விவகாரத்தில் டி.டி.கே. 1958 பெப்ரவரியில் பதவி இழந்தார். அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை நேருவே சமர்ப்பித்தார், நன்கொடை வரியும் அதில்தான் வந்தது. செலவு வரியை 1962இல் மொரார்ஜி தேசாய் எடுத்துவிட்டார். மீண்டும் நிதியமைச்சரான டி.டி.கே. 1964இல் திரும்பக் கொண்டுவந்தார். 1966இல் அது மறுபடியும் போயிற்று. இந்தக் கதையில் வில்லன் யார் என்று கேட்டால், பணக்காரர் என்று சொல்லமாட்டேன். பணக்காரர் வரிக்கு ஒளிப்பது இயற்கை. வைத்தியன் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு, நோய் மாறவில்லை என்று வைத்தியனைத் திட்டிய மந்திரிமார்தான் வில்லன்கள்.

அந்த வருடங்களில் கொழும்பில் பொருளியலாளரின் திருவிழா. காமனி கொரியாவின் திட்டமிடல் செயலகத்துக்கு ஜோன் ரொபின்சன், ஹிக்ஸ் தம்பதி, மிர்டால், போலந்தின் ஒஸ்கார் லாங்கே, கல்பிரெய்த் என்று வரிசையாக வந்து ஆளுக்கொரு கட்டுரை எழுதிக் கொடுத்தார்கள். 1959இல் அவை தொகுப்பாகவும் வெளிவந்தன. மற்றவர்களின் யோசனை அச்சோடு நின்றது என்று சொன்னால் மிகையாகாது, கால்டோருடையது சட்டமாயிற்று. இந்தியா இரண்டு தவணையில் செய்ததை இலங்கை 1959இன் 14ஆம் இலக்கத் தனிநபர் வரிச் சட்டத்தில் ஒரே மூச்சில் செய்தது: செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி மூன்றும் அதற்குள்.

சட்டத்தின் குறி செல்வந்தரின் கொழும்பு ஏழாம் வட்டாரமும் தோட்டச் சொந்தக்காரரும்தான். கொக்குவிலில் அதில் அகப்படக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆனாலும் இந்த வரிக்குப் பின்னாலிருந்த எண்ணத்தை யாழ்ப்பாணத்தோடு உரசிப் பார்க்காமல் என்னால் நகர முடியவில்லை.

யாழ்ப்பாணத்தான் செலவழிப்பானா? மணி ஓடரிலும் மலாயன் பென்ஷனிலும் வாழ்ந்த சமூகம் இது. கிளாக்கர் கொழும்பில் சம்மறி என்ற கூட்டு விடுதியில் பாயைப் பகிர்ந்து படுத்து மிச்சம் பிடிப்பார். முதலாளி வீட்டில் காலையில் பழஞ்சோறு. அந்த நாளில் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர் ஹண்டி பேரின்பநாயகம். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த மாணவர் காங்கிரசின் தலைமகன். காந்தியின் எளிமையை உடுப்பிலும் வாழ்விலும் கடைப்பிடித்தவர். அவரிடம் போயிருந்தால் செலவு வரி அதிகாரி வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார். கால்டோரின் நியாயப்படி பார்த்தால், மிச்சம் பிடிக்கிறவனுக்குச் சலுகை, ஊதாரிக்கு அடி. எங்கள் ஆட்கள் அந்த மனிசனுக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

ஆனால் கால்டோர் அடுத்த கதவிலும் ஆள் நிறுத்தியிருந்தார். மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது? காணிக்கும் நகைக்கும் பெட்டைகளின் சீதனத்துக்கும். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி சொத்து மூன்று வகை: வழிவழி வந்த முதுசொம், சீதனம், தேடியதேட்டம். ஒல்லாந்தர் 1707இல் கிளாஸ் ஐசாக்சைக் கொண்டு எழுதுவித்து, பிறகு 1911இன் கட்டளைச் சட்டம் திருத்திய முறை. சுருட்டில் உழைத்தது தேடியதேட்டம். அதில் மனைவிக்கும் பங்கு. மகளுக்கு எழுதியது சீதனம். அது அவளுடையது, கணவன் தன்னிச்சையாக விற்க முடியாது. மாப்பிள்ளையின் தங்கைக்கென்று கைமாறும் ‘டொனேசன்’ ரொக்கத்துக்கு உறுதியும் இல்லை, நொத்தாரிசும் இல்லை.

இனி கால்டோரின் ஒற்றைப் படிவத்தை எங்கள் முதலாளியிடம் கொடுத்துப் பாருங்கள். மூத்தவளின் கலியாணத்தில் அவர் கொடுத்த வீடும் வளவும் நன்கொடையா, அல்லது மகளுக்கு உரிய பங்கை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்ததா? சீதனம் வாங்கிய மகளுக்குப் பெற்றோர் சொத்தில் பிறகு பங்கில்லை என்பது பழைய தேசவழமை. ஆகவே அது தானமல்ல, பாகம் என்று ஒரு நல்ல புறொக்டர் அரை நாள் வாதாடியிருப்பார். மூன்று நாள் கலியாணச் சாப்பாடு செலவா? மகனை லண்டனுக்கு அனுப்பி டொக்டராக்கியது செலவா, முதலீடா? ‘என்ர காசை என்ர பிள்ளைக்குக் குடுக்கிறதுக்கும் கவுண்மேந்துக்குக் கணக்கோ?’ என்று அவர் கேட்டால் அது வெறும் முரட்டுக் கேள்வி அல்ல. இந்தியாவின் 1958 நன்கொடை வரிச் சட்டமே தன்னை நம்பியிருக்கும் உறவினரின் கலியாணத்துக்கு 10,000 ரூபா வரை விலக்குக் கொடுத்தது. இந்த மண்ணில் கலியாணத்தைத் தொட்டால் சட்டம் நிலைக்காது என்று டில்லிக்கும் தெரிந்திருக்கிறது.

1959 சட்டம் பாராளுமன்றத்தில் பட்ட பாட்டை இந்தக் கிழமை சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஹங்கேரியர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு பந்தி அவருக்கே போகட்டும், ஏனென்றால் கூத்தின் உச்சம் பிறகுதான் வருகிறது.

கொழும்பை விட்டபின் மெக்சிக்கோ, கானா, பிரித்தானிய கயானா, துருக்கி என்று சுற்றினார். 1961இல் அவர் யோசனைப்படி கானா வரவு செலவுத் திட்டத்தில் கட்டாயச் சேமிப்பு வந்தது. செக்கொண்டி, தக்கோராடி ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1962 ஜனவரியில் கயானாவின் ஆட்சித் தலைவர் செடி ஜகன், கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன இந்தியக் குடும்பத்தின் பிள்ளை, கால்டோரின் யோசனைப்படி வரவு செலவுத் திட்டம் போட்டார். பெப்ரவரி 16ஆம் தேதி ஜோர்ஜ்டவுனின் கடைவீதி எரிந்தது. பிரித்தானியப் படை இறங்கிற்று. துருக்கியில் பெரிய நிலக்காரருக்கு வரி போடும் அவர் யோசனையை அரசு ஏற்கவில்லை என்று திட்டமிடல் அதிகாரிகள் சிலர் 1962இல் பதவியைத் தூக்கி எறிந்தார்கள். அவர் கால் வைத்த இடமெல்லாம் கலவரம் என்று எதிரிகள் எழுதினார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். கயானாவில் எரிந்ததற்கு வரி ஒரு சாட்டு. ஜகனை விழுத்த நினைத்தவர்கள் வேறு எந்தத் திட்டத்தையும் கொளுத்தியிருப்பார்கள். கால்டோரில் குற்றம் இல்லாமல் இல்லை. படிவத்தை நிரப்பவும் சரிபார்க்கவும் எத்தனை படித்த, கை சுத்தமான உத்தியோகத்தர் வேண்டும் என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டார். 1963 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவுச் சஞ்சிகையொன்றில், பின்தங்கிய நாடுகள் வரி வாங்கக் கற்றுக்கொள்ளுமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஆத்திரம் வரிக்கு வரி தெரியும்.

அந்த ஆண்டோடு இலங்கையிலும் செலவு வரி கைவிடப்பட்டது. 1976இல் மீண்டும் எழுப்பினார்கள். 1977இல் ஆட்சி மாற, அதுவும் போயிற்று. அதற்குள் கால்டோர் பிரபுவாகிப் பிரபுக்கள் சபையில் அமர்ந்திருந்தார்; 1986இல் காலமாகும்வரை மார்கரெட் தாட்சரின் கொள்கையை அங்கே விடாமல் கிழித்துக்கொண்டிருந்தார். பாராளுமன்ற விவாதம் அடுத்த கிழமை. அதில் பேசியவர்களில் யார் யாருக்குத் தோட்டம் இருந்தது என்ற விபரத்தோடு வருகிறேன்.