கறி என்னும் சொல்

இன்று நான் எடுத்துக்கொண்ட சொல் அடுக்களைக்கு உரியது. அதுதான் 'கறி'.

மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களில் வேலியோரத்தில் நின்று, "இண்டைக்கு என்ன கறி மச்சாள்?" என்று ஒருத்தி கேட்டால், இறால் என்றும் விடை வரலாம், முருங்கைக்காய் என்றும் வரலாம், பருப்பு என்றும் வரலாம். சோற்றுக்குத் துணையாக வருவது எதுவோ அது கறி. காய்பிஞ்சுகளை மரக்கறி என்போம். ஆட்டையும் கோழியையும் இறைச்சி என்போம்.

தமிழகத்திலோ கறிக்கடை என்றால் இறைச்சிக்கடை. அந்நாட்டுத் திரைப்படங்களைப் பார்த்து வளரும் என் மாணவர் சிலர், "சேர், பருப்புக்கறி என்பது பிழையான தமிழா?" என்று கேட்பதுண்டு. தாய் அடுப்படியில் வழங்கும் சொல்லைப் பிழையோ என்று பிள்ளை ஐயுறுவது சிறிய விடயமன்று. ஆகவே இச்சொல்லின் பழைய தடங்களைச் சற்று நோக்குவோம்.

கறித்தல் என்றால் கடித்துத் தின்னுதல். சங்கப் பாடல்களில் கறி என்ற பெயர் மிளகைக் குறிக்கும். யவனர் பொன் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்ற முசிறித் துறையை அகநானூற்றின் 149ஆம் பாட்டு காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களைச் சொல்லும் பட்டினப்பாலை, மிளகு மூடைகளையும் ஈழத்து உணவையும் ஒரே பட்டியலில் வைக்கிறது.

பின்னர் இப்பெயர் சமைத்த பதார்த்தத்துக்கு ஆயிற்று. 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் காலத்தில் பொறிக்கப்பட்ட அம்பாசமுத்திரக் கல்வெட்டு, கோயில் திருவமுதுக்கு உரியவற்றுள் காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகைப்படுத்திக் கூறுகிறது. இறைவனுக்குப் படைத்த இக்கறிகளில் இறைச்சிக்கு இடமில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தமிழக வைணவர் இல்லங்களில் 'கறியமுது' என்பது இன்றும் காய்கறிப் பதார்த்தமே.

இச்சொல் கடல் கடந்த கதைக்கும் எமது கிழக்குக் கரைக்கும் தொடர்புண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், இலங்கையைப் பற்றி 1681இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்நாட்டவர் காய்களைப் பழுக்குமுன் பறித்துக் கறியாக்குவதை அதில் விவரித்தவர், அச்சொல்லைப் போர்த்துக்கேயச் சொல் என்று எழுதிவிட்டார். எனினும் அவர் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. சோற்றுக்குச் சுவை சேர்க்க உடன் உண்பது கறி என்கிறார். எமது வேலியோரத்துப் பெண் கொள்ளும் பொருளும் அதுவேயன்றோ! ஆங்கிலத்தில் அது மசாலாக் குழம்புக்குப் பெயராகி உலகெங்கும் பரவியது பிந்திய கதை.

தமிழகத்திலும் பழைய பொருள் முற்றாக அழிந்துவிடவில்லை. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்ற பழமொழியில் வரும் கறி, சுரைக்காயால் ஆக்குவது. வல்லின றகரத்தை விட்டு இடையின ரகரமிட்டுக் 'கரி' என்று எழுதினால் பழந்தமிழில் சாட்சி என்றும் பொருள்படும். பருப்புக்கறிக்குக் கல்லிலும் பழமொழியிலும் கரி உண்டு என்பதே என் மாணவர்க்கு நான் கூறும் விடை.

ஆனால் கறிக்கு அடுத்த சட்டியில் கொதிக்கும் சொல்லொன்று மெலிந்து வருகிறது. அது 'ஆணம்'. குழம்பு என்பது அதன் பொருள். பாலாணம், புளியாணம் என்று எமது பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே வழங்கிய சொல் அது. கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம் மக்களிடத்தும் ஆணம் உண்டு. 1990இன் கொடுமைகள் இரு சமூகத்தார்க்கும் இடையே வேலிகளை உயர்த்தின. அதன் பின்னரும் இரு வீட்டு அடுப்பிலும் ஒரே பெயரோடு கொதித்தது ஆணம். இன்றைய பிள்ளைகளோ சொதி என்கிறார்கள், ரசம் என்கிறார்கள். அச்சொற்களில் குற்றமில்லை. ஆயினும் ஆணம் போய்விட்டால், இரு அடுக்களைக்கும் பொதுவாயிருந்த ஒன்றும் அதனோடு போய்விடும்.

ஆணத்துக்குக் கரி கூறக் கல்வெட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீடுகளில் அம்மம்மாமாரும் உம்மம்மாமாரும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.