நாடும் நாட்டுப்புறமும்

இந்தியா ஒரு நாடு என்கிறோம். சென்னையும் மதுரையும் அந்த நாட்டுக்குள் அடங்கியவையே. அவ்வாறிருக்க, சிற்றூர்ப் பகுதிகளை மட்டும் ‘நாட்டுப்புறம்’ என்று அழைப்பானேன்?

விடை காண, சோழர் காலத்துக்குச் செல்ல வேண்டும். அக்காலக் கல்வெட்டுகளில் ‘நாடு’ என்ற சொல், பயிர்த்தொழில் செய்யும் பல ஊர்கள் சேர்ந்த சிறு வட்டாரத்தைக் குறித்தது. வணிகர் வாழ்ந்த இடம் ‘நகரம்’ எனப்பட்டது. நாட்டின் பொதுக் காரியங்களைக் கவனித்தவர்கள் ‘நாட்டார்’. முதலாம் இராசராசன் (கி.பி. 985–1014) பல நாடுகளை இணைத்து ‘வளநாடு’ என்னும் பெரிய பிரிவை அமைத்தான்.

இந்த நாடுகள் பலவற்றுக்கு ஆறு எல்லையாக இருக்கவில்லை. ஆறு அவற்றின் ஊடே ஓடியது. நீரை நாடி இரு கரையிலும் மக்கள் குடியேறியதால் வளர்ந்த வட்டாரங்கள் அவை என்பது இதனால் விளங்குகிறது.

சோழ நாடு, பாண்டிய நாடு என்று பெருநிலப் பரப்புக்கும் இச்சொல் பண்டுதொட்டு வழங்கியது. இன்று அந்தப் பொருளே மேலோங்கிவிட்டது. பழைய பொருளோ ‘நாட்டுப்புறம்’, ‘நாட்டாண்மை’ போன்ற சொற்களில் ஒதுங்கி வாழ்கிறது.

அரசு அலுவலகங்களில் இப்போது வழங்கும் சொல் ‘ஊரகம்’. ஊரகம் என்பது எது? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரத்துக்குத்தான் இலக்கணம் வகுத்தது. நகராட்சி போன்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட ஊர்கள் நகரங்கள். பிற ஊர்களுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: குறைந்தது 5,000 மக்கள், முதன்மை உழைப்பாளரான ஆண்களில் 75 விழுக்காட்டினரேனும் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற நெருக்கம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது ஊரகமே! இந்த ‘மீதி’யில்தான் இந்திய மக்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் வாழ்ந்தனர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பணம் இருக்கிறது, வேலை இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கே நூறு நாள் வேலை அளித்தது. தமிழகத்தில் 2004-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டன. ஊரக வளர்ச்சி நிதியைப் பெறுவதே நோக்கம். 2006-இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. வயலும் கடைத்தெருவும் இருந்த இடத்திலேயே இருந்தன. பெயர் மட்டுமே இருமுறை மாறியது.

உங்கள் ஊர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? விசாரித்துப் பாருங்கள். அங்கே என்ன தொழில் நடக்கிறது என்பதையும் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.