லின்னேயஸ் டிரைப்பின் கோயில் ஒளிப்படங்கள்: ஒளியும் சான்றும்

தமிழகக் கோயில் வரலாற்றை எழுதுவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒளிப்படங்களைச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படங்களில் தெரிவது எவ்வாறு பதிந்தது, தெரியாதது ஏன் பதியவில்லை என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப் (1822–1902) எடுத்த படங்களைக் கொண்டு அவ்வினாக்களை அணுக இக்கட்டுரை முற்படுகிறது.

டிரைப் 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் 1858இல் படமெடுத்தார். அவர் கையாண்டது மெழுகுத்தாள் முறை. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட இம்முறையில், மெழுகேற்றிய தாளில் வெள்ளி உப்புகள் படியவைக்கப்பெறும். தாளை முன்னரே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். ஈரக் கண்ணாடித் தகட்டைப் போல, உலருமுன் படமெடுத்துக் கழுவ வேண்டிய நெருக்கடி இல்லை. வெப்ப நாட்டில் பயணம் செய்வோர்க்கு இது பேருதவி. ஆனால் ஒளிபடு நேரம் நிமிடக் கணக்கில் நீளும். அந்நேரத்தில் நடந்து செல்வோரின் உருவம் தாளில் நிலைக்காது. டிரைப்பின் படங்களில் பிராகாரங்கள் பெரும்பாலும் ஆளற்றுத் தோன்றுவதைக் கொண்டு, அக்கோயில்கள் அன்று கைவிடப்பட்டிருந்தன எனக் கொள்வது பிழையாகும்.

நிறத்திலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. அக்கால வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும் விரைந்து ஏற்றன. சிவப்பையும் மஞ்சளையும் ஏறத்தாழ உணரவில்லை. சாயமேற்றி இக்குறையைக் களையும் வழியை ஃபோகல் கண்டது 1873இல்தான். எனவே வானம் வெறும் வெண்மையாகவும், மரங்கள் கரும்பரப்பாகவும், மதிலின் செங்காவிப் பட்டை கறுப்பாகவும் அமையும். வெற்று வானத்தை விரும்பாத டிரைப், நெகட்டிவின்மேல் நிறமி தீட்டி மேகங்களை உண்டாக்கினார், இலைத்தொகுதிகளையும் திருத்தினார். விமானத்தின் பின்னே மிதக்கும் மேகம் அவர் தூரிகையின் ஆக்கமாகவே இருக்கலாம்.

கல்வெட்டு ஆய்வாளர்க்கு முதன்மையானது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியோடும் கல்வெட்டைக் காட்டும் படமே. 21 நெகட்டிவ்களின் படிகளை ஒட்டிச் சேர்த்த அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. தமிழ்க் கல்வெட்டொன்றை இவ்வளவு விரிவாகப் பதிவு செய்ய 1858இலேயே ஒருவர் முனைந்தது வியப்புக்குரியது. எனினும் கல்லில் வெட்டிய எழுத்து, பக்கவாட்டு ஒளியில் பள்ளத்தில் நிழல் விழும்போதுதான் தெளியும். நேரெதிர் வெயிலில் மங்கும். கதிரவன் நகர்ந்துகொண்டிருக்க, 21 நெகட்டிவ்களிலும் ஒரே ஒளியை எதிர்பார்க்க இயலாது. ஆதலின் ஓரெழுத்து அங்குத் தெளிவின்றி இருப்பதால் அது கல்லிலும் சிதைந்திருந்தது என்று துணிதல் ஆகாது. மைதடவிக் கல்லின்மேலேயே ஒற்றி எடுக்கும் மசிப்படிக்கு இத்தொல்லை இல்லை. இராசராசன் கல்வெட்டுகளைக் கொண்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை ஹுல்ட்ஷ் 1891 முதல் பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். அதன் பாடத்தோடு டிரைப்பின் படத்தை வரிவரியாக ஒப்பிட்டால், 1858க்குப்பின் நேர்ந்த சிதைவு எது, ஒளியால் வந்த மயக்கம் எது எனப் பிரித்தறியலாம்.

டிரைப்பின் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லசு டிரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி அதனை நிறுத்தினார்.